சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஒரு காமிரா

"உதகமண்டலமா, கொடைக்கானலா?" என்று மயிலாப்பூர் நண்பர் கேட்டார். நமது தோளில் தொங்கிய புதிய காமிராப் பைதான் அந்தக் கேள்விக்குக் காரணம்.

"இரண்டும் இல்லை. சிட்லபாக்கம்" என்றோம்.

நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்கள் குடியிருப்பதே சிட்லபாக்கத்தில் அல்லவா? சொந்த ஊரைப் படம் பிடிப்பதற்கா இவ்வளவு பெரிய பை? அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார்.

அவருடைய கேள்விக்கு அன்று நம்மால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. ஓராண்டு காலம் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றி வந்த பிறகு இப்போது சொல்லத் துணிகிறோம். முதல் காமிரா வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேயர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

சென்னைக் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறித் தெற்கே வருகிறவர்கள் குரோம்பேட்டையிலோ தாம்பரம் சானட்டோரியத்திலோ இறங்கினால் சிட்லபாக்கத்துக்கு வந்துவிடலாம். இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அதற்கு மூன்று வருஷம் முன்னதாக, 1928-ல், டாக்டர் சௌரிமுத்து என்பவர் க்ஷய ரோகிகளுக்காக இங்கே ஒரு சானட்டோரியம் ஏற்படுத்தினார். நல்ல காற்றுக்காகப் பட்டணத்திலிருந்து நோயாளிகளை அனுப்பிய ஊர் இது என்று இன்றைக்கு ஜி.எஸ்.டி. சாலையில் நின்றுகொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? பஸ்ஸும் லாரியும் எழுப்பும் புழுதியில் சொல்லுகிறவருக்கே இருமல் வந்துவிடும். ஆனாலும் ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் இரைச்சல் மெள்ள அடங்குகிறது. வேப்ப மரமும் முருங்கை மரமும் உள்ள வீடுகள், அவற்றை இடித்துவிட்டு எழும்பிய அடுக்கு மாடிகள், இஸ்திரி வண்டி, காப்பிக் கடை எல்லாவற்றையும் கடந்து போனால் திடீரென்று வானம் அகலமாகத் திறக்கிறது. அதுதான் ஏரி.

காமிரா வாங்கும் எண்ணம் நமக்கு உண்டான காரணம் அவ்வளவு உல்லாசமானதல்ல. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் பெய்த மழையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க முடியாது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. வீட்டுக்குள் வந்த தண்ணீர் கட்டிலையும் அரிசி மூட்டையையும் பதம் பார்த்தது. அவற்றைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. அரிசி மறுபடியும் கிடைக்கும். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த மூன்று ஆல்பங்கள்தான் போயே போய்விட்டன. தண்ணீர் வடிந்த பிறகு அவற்றைத் திறந்து பார்த்தோம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது பாட்டியின் முகம் எதிர்ப் பக்கத்தோடு போய்விட்டது. தாத்தாவின் தலைப்பாகை மட்டும் மிஞ்சிற்று.

அதற்கு அப்புறம் சில வருஷங்கள் கழித்து, நாமே படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பைத்தியம் பிடித்தது. கையிலுள்ள செல்போனே போதாதா என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நல்ல வெளிச்சத்தில் செல்போன் எடுக்கும் படத்தை யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது யோசனை முழுவதையும் தானே செய்து முடித்துவிடுகிறது. நாம் கற்றுக்கொள்வதற்கு ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை.

டி.எஸ்.எல்.ஆர். என்று சொல்கிறார்களே, அந்தக் காமிராவின் உட்புறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லென்ஸின் வழியாக வரும் வெளிச்சத்தை, சாய்வாக நிற்கும் ஒரு சிறு கண்ணாடி மேலே திருப்பி நமது கண்ணுக்கு அனுப்புகிறது. ஆகையால் லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே நாமும் பார்க்கிறோம். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி 'டபக்'கென்று மேலே எழும்பி வழி விடுகிறது, ஷட்டர் திறக்கிறது, பின்னாலுள்ள சென்ஸார் மீது வெளிச்சம் விழுகிறது. அந்தச் சப்தத்துக்காகவே காமிரா வாங்கியவர்கள் உண்டு. நாமும் அந்தக் கோஷ்டியில் சேர்ந்தவர்கள்தான்.

கோடக் கம்பெனி 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் டி.எஸ்.எல்.ஆர். காமிராவின் படத்தில் பதின்மூன்று லட்சம் புள்ளிகளே இருந்தன. எடுத்த படங்களைச் சேர்த்துவைக்கும் பெட்டியைத் தனியே தோளில் சுமக்க வேண்டும். இன்று ஆரம்ப வகுப்பு மாணவனுக்கென்று விற்கும் காமிராவிலேயே இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. காமிரா உற்பத்தியாளர்களில் பெரும்பாலோர் இப்போது கண்ணாடியே இல்லாத வகைக் காமிராக்களின் பக்கம் திரும்பிவிட்டார்கள். இதனால் நம்மைப் போன்ற சாமானியர்களுக்கு ஒரு லாபம்: சீமான்கள் புது வகைக்கு மாறும்போது அவர்களுடைய பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள் மலிவான விலைக்கு வருகின்றன.

நாம் வாங்கியதும் ஒருவர் கை பட்ட காமிராதான். மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைப் பார்ப்பதுபோல் இதிலும் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. ஷட்டர் எத்தனை தடவை சொடுக்கியிருக்கிறது என்று கேட்க வேண்டும். ஆரம்ப வகைக் காமிராவுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் சொடுக்குகள் ஆயுள் என்பார்கள். லென்ஸைக் கழற்றி அதன் பின்புறமிருந்து டார்ச் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலைபோல் மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சக்காளான். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி, வெறும் வானத்தைப் படம் எடுத்துப் பெரிதுபடுத்திப் பார்த்தால், சென்ஸாரில் படிந்துள்ள தூசி கறுப்புப் புள்ளிகளாகக் காட்டிக் கொடுத்துவிடும். பாட்டரி உப்பியிருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகே பணத்தை எண்ணினோம். காமிராவோடு 18 முதல் 55 மில்லிமீட்டர் வரை நீளும் சாதாரண லென்ஸ் ஒன்றும் வந்தது.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஏரிக்கரைக்குப் புறப்பட்டோம். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. தண்ணீரின் மேல் மெல்லிய ஆவி தவழ்ந்தது. முக்குளிப்பான் குஞ்சு ஒன்று தலையை நீட்டுவதும் உடனே மறைவதுமாக விளையாடியது. பரபரப்புடன் காமிராவைக் கண்ணில் வைத்தோம். ஒன்றும் தெரியவில்லை! உலகம் முழுவதும் பால் கொட்டினாற்போல் ஒரே வெள்ளை. காமிரா கெட்டுவிட்டது, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று எண்ணி வயிறு கலங்கிற்று. விற்றவன் பேரில் குற்றமே இல்லை. இரவெல்லாம் காமிரா ஏ.ஸி. அறையில் குளுகுளுவென்று தூங்கியிருந்தது. அதைச் சிட்லபாக்கத்தின் ஈரக் காற்றுக்கு எடுத்து வந்ததும், மோர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் லென்ஸ் வியர்த்துவிட்டது. துணியால் துடைத்தால் மறுபடி வியர்த்தது. அது தானாகத் தெளிய அரை மணி நேரமாயிற்று. அதற்குள் முக்குளிப்பான் எங்கேயோ போய்விட்டது. அன்று முதல் காமிராப் பைக்கு இரவில் கூடத்து மேஜைதான் படுக்கை.

இரண்டாம் பாடத்தைப் போதித்தது ஒரு வெள்ளைக் கொக்கு. கறுத்த தண்ணீரின் ஓரத்தில், ஒற்றைக் காலில், முனிவர் மாதிரி நின்றது. எடுத்த படத்தில் கொக்கு இல்லை. கொக்கின் உருவத்தில் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டைதான் இருந்தது. காமிராவின் அளவுகோல் எதைக் கண்டாலும் அதைச் சராசரிச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கிறது. சுற்றிலும் இருட்டாக இருந்ததனால் அது வெளிச்சத்தை அதிகமாக வாரிவிட்டது. கொக்கின் இறகுகளெல்லாம் அதில் கரைந்துபோயின. எல்லாக் காமிராக்களிலும் கூட்டல், கழித்தல் குறியிட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. அதைக் கழித்தல் பக்கம் ஒரு படி தள்ளினோம். இறகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன! வெளுத்த வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இறக்கையை விரித்து உலர்த்தும் நீர்க்காகத்துக்கு இதற்கு நேர் எதிர். அதைக் கூட்டல் பக்கம் தள்ளினால்தான் அதன் பச்சைக் கண் தெரிகிறது. புஸ்தகத்தில் இந்த விஷயத்தைப் பத்துத் தடவை படித்திருந்தோம். கொக்கு ஒரே காலையில் சொல்லிக் கொடுத்துவிட்டது.

ஷட்டரின் வேகம், லென்ஸின் துவாரம், ஐ.எஸ்.ஓ. என்னும் கூருணர்ச்சி ஆகிய மூன்றையும் பற்றிப் புது ஆசாமிகள் மிகவும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. துவாரத்தைக் குழாயின் வாய் என்றும், ஷட்டரைக் குழாய் திறந்திருக்கும் நேரம் என்றும் வைத்துக்கொண்டால், குடம் நிரம்புவதற்கு இரண்டு வழி உண்டு என்பது விளங்கிவிடும். ஐ.எஸ்.ஓ. என்பது குடத்தைச் சிறியதாக்கிக்கொள்வது. குடம் சீக்கிரம் நிரம்பும், ஆனால் படத்தில் மணல் தூவினாற்போல் ஒரு சொரசொரப்பு ஏறும். நமது ஊர் வெயிலுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. உச்சி வெயிலில் துவாரம் எஃப் 16, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தால், ஷட்டர் விநாடியில் நூற்றில் ஒரு பங்கு திறந்தால் சரியாக இருக்கும். பிலிம் காலத்துக் கணக்கு, இன்றும் பொய்ப்பதில்லை. ஆனால் உச்சி வெயிலில் ஏரிக்கரைக்குப் போய்ப் படம் எடுப்பானேன் என்பது வேறு விஷயம். காலை எட்டு மணிக்குப் பிறகு ஏரி தகரத் தகடுபோல் மின்னத் தொடங்கிவிடுகிறது. நாமும் காப்பி குடிக்கப் போய்விடுகிறோம்.

மூன்றாவது மாதத்தில் எல்லோருக்கும் வருகிற வியாதி நமக்கும் வந்தது. மீன்கொத்தி தண்ணீரில் பாயும் காட்சியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் காண்பித்தோம். "எங்கே மீன்கொத்தி?" என்றார்கள். விரலால் சுட்டினோம். "அது ஈ அல்லவா?" என்றாள் எங்கள் வீட்டுக் குழந்தை. உடனே நீண்ட லென்ஸ் ஒன்று வாங்கினால்தான் ஜன்மம் சாபல்யமாகும் என்று தோன்றிற்று. விலை விசாரித்தோம். ஜன்மம் இப்படியே இருக்கட்டும் என்று திரும்பி வந்தோம்.

அந்தச் சமயத்தில் மா. கிருஷ்ணனைப் பற்றி நினைத்துக்கொண்டோம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் குமாரர், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர், சென்னையில் இருந்துகொண்டே இந்தியக் காடுகளையும் யானைகளையும் பற்றி எழுதியவர், படம் எடுத்தவர். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு பிரம்மாண்டமான காமிராவை உண்டாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டெரோஸா' என்று பெயரும் வைத்திருந்தார். வர்ணப் படங்கள் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளையை அவர் கைவிடவில்லை. அவருடைய யானைகளைப் பார்த்தவர்கள் லென்ஸ் என்ன விலை என்று கேட்பதில்லை. இன்னும் பின்னால் போனால், 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி மெழுகு தடவிய காகிதத்தில் நெகடிவ் எடுத்துத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படம் பிடித்தார். 21 படங்களை ஒட்டி ஒரே சுருளாக்கினார். சுருளின் நீளம் 19 அடி. அந்தத் தஞ்சாவூர் வெயிலில் அவர் மெழுகை எப்படிக் காப்பாற்றினாரோ! இவர்களை எண்ணிப் பார்த்த பிறகு, 55 மில்லிமீட்டர் போதவில்லை என்று முறையிடுவதற்கு நமக்கு வாய் வரவில்லை. பறவை சிறியதாக விழுந்தால் என்ன? பறவையும் தண்ணீரும் கரையும் சேர்ந்து விழட்டும் என்று எடுக்கத் தொடங்கினோம். படங்கள் அப்போதிலிருந்துதான் கொஞ்சம் தேறின.

சில்லறைச் சாமான்களைப் பற்றி நேயர்கள் கேட்கக்கூடும். அண்ணா சாலைக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் பர்ஸ் காலியாகும் வரையில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நமது அனுபவத்தில் முதல் இடம் இரண்டாவது பாட்டரிக்கு. முதல் பாட்டரி சாயங்காலத்தின் மிக அழகான நிமிஷம் பார்த்துத்தான் உயிர் விடும். இரண்டாவது, மூடி இறுகப் பொருந்தும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் சில ஸிலிகா ஜெல் பொட்டலங்களும். இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் பைக்குள் மூடிவைத்த லென்ஸில் பூஞ்சக்காளான் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். ஈரம் ஏறிய பொட்டலங்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே ஈரத்தை அளக்கும் சிறு கடிகாரம்போன்ற கருவி ஒன்றைப் போட்டு வைத்தால், முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளலாம். தூசியை வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். அதற்கென்று ரப்பர் ஊதி ஒன்று விற்கிறார்கள். லென்ஸின் முனையில் மாட்டும் நிழல் மூடியும் அவசியம். பக்கவாட்டு வெயிலையும் தடுக்கிறது, கல்லில் மோதினால் அடியையும் தானே வாங்கிக்கொள்கிறது.

முக்காலி? விடியலிலும் அந்தியிலும் ஷட்டரை மெதுவாகத் திறப்பதற்கு வேண்டியதுதான். ஆனால் மலிவான முக்காலி, காற்றில் ஆடும் கோரைப் புல்லுக்கு அண்ணன். ஆறு மாதம் காத்திருந்து கனமானதாக வாங்குவது நல்லது. அதுவரையில் ஏரிக்கரையின் கைப்பிடிச் சுவரும் ஒரு மணல் பையும் போதும். நாலு வர்ணத்தில் கண்ணாடி வடிகட்டிகளை வாங்கிக் குவித்தோம். அவை எல்லாம் மேஜை இழுப்பறையில் சுகமாக இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலான சாமான் ஒன்று உண்டு. அதைக் கடைக்காரர்கள் எடுத்துச் சொல்வதில்லை. எடுத்த படத்துக்கு மறு பிரதி வைத்துக்கொள்ள ஒரு தனி டிஸ்க். நாம் இரண்டு வைத்திருக்கிறோம். ஒன்று நம் வீட்டு மாடியில் இருக்கிறது. மற்றொன்று மயிலாப்பூர் நண்பர் வீட்டு அலமாரியில். ஏரி இனி ஒரு தடவை வீட்டுக்குள் வந்தாலும் மயிலாப்பூர் வரையில் வராது அல்லவா? நண்பர் நம்மைப் பரிகாசம் செய்தாலும், டிஸ்கைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்.

படம் எடுக்கிறவர்கள் சில மரியாதைகளையும் கற்றுக்கொள்ள வேண்டும். காலையில் நடக்க வரும் பெண்மணிகளையும் பெரியவர்களையும் கேட்காமல் எடுப்பது அழகல்ல. குழந்தைகளைப் பெற்றோரைக் கேட்டே எடுக்கிறோம். தாம்பரத்தில் விமானப் படைத் தளம் இருக்கிறது. அந்தத் திக்கில் காமிராவைத் திருப்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம். வலை போடுகிறவர் ஒருவர், "எடுத்துக்கொள்ளுங்கள் சார், ஆனால் ஒரு காப்பி எனக்கு வேண்டும்" என்றார். பிரிண்டு போட்டுக் கொடுத்தோம். அவர் அதைத் தம் மொபெட்டின் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்.

ஏரியின் கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பூர்த்தியாகாது. வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச வெட்டிய ஏரி அது. நிறைந்து வழிந்தால் செம்பாக்கம் ஏரிக்குப் போய், அங்கிருந்து கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. ஆனால் நடுவிலே, எண்பது ஏக்கருக்கு மேலிருந்த சிட்லபாக்கம் ஏரி ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கிவிட்டது. வயல்கள் மனைகளாயின, மனைகள் வீடுகளாயின. கரையில் குப்பை மலையாகக் குவிந்தது. சாக்கடை உள்ளே கலந்தது. 2019-ஆம் ஆண்டு கோடையில் சென்னையே தண்ணீருக்குத் தவித்தபோது ஏரியும் வறண்டது. அப்போது ஊர் ஜனங்கள், உத்தியோகஸ்தர்களும் ஓய்வு பெற்றவர்களும் மாணவர்களுமாக, மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு தாங்களே இறங்கினார்கள். அதே வருஷத்தில் அரசாங்கம் 25 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. கரை உயர்ந்தது, நடைபாதை வந்தது, தண்ணீர் நின்றது. 2021 நவம்பரில் சிட்லபாக்கம் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லமாட்டோம். சில மூலைகளில் தண்ணீரின் வாசனை இன்னும் காமிராவில் விழாத ஒரு விஷயம்.

மாதத்துக்கு ஒரு தடவை, கரையில் ஒரே இடத்தில் நின்று, லென்ஸை ஒரே அளவில் வைத்து, ஒரே திக்கில் ஒரு படம் எடுத்து வருகிறோம். பன்னிரண்டு படங்கள் சேர்ந்ததும் அவற்றைப் பிரிண்டு போட்டு வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தோம். சித்திரையில் தண்ணீர் உள்வாங்கி வெடித்த சேறு. கார்த்திகையில் தளும்பும் கரை. மார்கழியில் பனி மூட்டம்.

அந்தச் சமயம் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாள் வந்தார். எண்பது வயதுக்கு மேலிருக்கும். இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாக எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"ரொம்ப லட்சணமாக இருக்கிறது, தம்பி. மதகு எங்கே? அதற்குக் கீழே எங்கள் மாமனார் வயல் எங்கே? அதை எடுக்கவில்லையா?" என்று கேட்டார்.

நாம் ஒன்றும் பேசவில்லை. அவரே சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அது இல்லைதான். அந்த நாளில் எங்களிடம் காமிரா ஏது?" என்றார். பிறகு எழுந்து வாசலுக்கு வந்து, தெருக் கோடியைக் கையால் காட்டி, "அந்தத் தண்ணீர் டாங்க் வைத்த மாடி வீடு தெரிகிறதல்லவா? அங்கேதான் நாற்றங்கால்" என்றார்.

மறுநாள் காலையில் பாட்டியம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் அந்த மாடி வீட்டின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தோம். காலை வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது. கழித்தல் பக்கம் ஒரு படி தள்ளிக்கொண்டோம்; வெள்ளைப் புடவை, வெள்ளைத் தலை. ஒரு பிரதி அவரிடம் இருக்கிறது. ஒன்று மயிலாப்பூரில் இருக்கிறது.